அவர் வந்து கேட்டால் கொடுப்போம்

கொட்டாஞ்சேனை,
12.03.1998

அன்புள்ள பிறிஜெற் மச்சாளுக்கு,

மடு மாதாவின் நிழல் கடல் கடந்து உங்கள் குடிசை மட்டும் நீளட்டும். உங்கள் கடிதம் கிடைத்தது. கூரையை மாற்றித் தருவதாகச் சொன்னவர்கள் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். மழைக்கு முதல் மாற்றாவிட்டால் உங்கள் நெஞ்சுச் சளி திரும்பவும் தொடங்கிவிடும். கவனம்.

நான் எழுதப் பிந்துகிறேன் என்று குறைப்படுகிறீர்கள். உண்மைதான். உங்கள் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், வத்தளைக் கார்மன்ட்சில் நான் பட்டன் வைக்கிற கதையை எழுத வெட்கமாக இருக்கிறது. இந்த முறை எழுத ஒன்று இருக்கிறது. நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முதல் அவர் ஹாபரில் கப்பல் வேலை முடிந்து வரும் வழியில் அவரை ஒரு வான் வண்டியில் பிடித்து ஏற்றினதைக் கண்டவர்கள் இருந்தும், பொலிசில் “நாங்கள் பிடிக்கவில்லை” என்று சொன்னது உங்களுக்குத் தெரியும். மனுவும் பெட்டிசமுமாகப் போட்டுப் போட்டு, காணாமல் போனவர்களை விசாரிக்கிற கந்தோரில் அவர் பேரில் ஒரு ஃபைல் திறந்தார்கள் என்றும் எழுதியிருந்தேன். அந்த ஃபைலுக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்று திங்கட்கிழமை லீவு போட்டுப் போனேன். அங்கே மொழிபெயர்க்கிற கிளாக்கர் ஒருவர் இருக்கிறார், நாகேந்திரம் என்று பெயர், வெள்ளவத்தைக்காரர். நல்ல மனிசன். ஆனால் சட்டத்தை விட்டு ஓர் அடி இங்கால வரமாட்டார்.

“தங்கச்சி, ஃபைல் யாற்ற பேரில இருக்கோ அவர்தான் கேக்கலாம். மற்றாக்களுக்குக் காட்ட ஏலாது.”

“நான் மற்றாள் இல்லை ஐயா. பெண்சாதி.”

“பெண்சாதி எண்டாலும் சட்டத்துக்கு மற்றாள்தான். அவர் வந்து கேட்டாக் குடுப்பம்.”

“அவர் வந்திட்டா எனக்கேன் ஐயா உங்கட ஃபைல்?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டு இருக்க ஒரு கதிரை போட்டார். ஒரு வழி இருக்கிறதாம், சொல்ல மனமில்லையாம். ஒரு வருஷத்துக்கு மேல் காணாமல் இருக்கிறவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போனால் நான் செத்தவரின் உரித்தாளி. அப்போது ஃபைலை என் முன்னால் விரித்து வைப்பார்களாம்.

“உயிரோட இருந்தாக் காட்ட மாட்டியள். செத்தாக் காட்டுவியள். அப்பிடித்தானே?”

“ஓம் தங்கச்சி. நான் எழுதின சட்டமில்லை.”

மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் எழும்பினேன் மச்சாள். பயப்பட வேண்டாம். ஆனால் பஸ்சில் வரும்போது அந்தக் கதையே மண்டைக்குள் ஓடி, இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்கள்,
மேபல்


மண்டபம் முகாம்,
20.04.1998

என் பிள்ளை மேபலுக்கு,

உயிர்த்த ஆண்டவர் முதலில் உன் வாசலுக்கு வரட்டும், பிறகு எங்களிடம் வரட்டும். பெரிய வெள்ளியன்று இங்கே அகதி முகாம் முழுக்கச் சிலுவைப் பாதை போனோம். ஒவ்வொரு நிலையிலும் தம்பியின் பெயரைத்தான் சொன்னேன். சாமியார் சொன்ன செபம் ஒன்றும் என் காதில் விழவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தாயே, அது நல்லது. அந்தச் சொல்லில் நில்.

உனக்கு ஒன்று சொல்கிறேன் கேள். இங்கே தணிக்கை என்று ஒன்று வைப்பார்கள். அதிகாரி மேசை போட்டு இருந்து பெயர் கூப்பிடுவார். கூப்பிடுகிற நேரம் ஆள் நேரே நிற்க வேண்டும். காய்ச்சல் என்றாலும் நிற்க வேண்டும். பக்கத்துக் குடிசை றொபேட் அன்றைக்குக் கூலிக்குக் கடலுக்குப் போயிருந்தான். பெயரை வெட்டிவிட்டார்கள். அடுத்த நாள் அவன் போய் மேசைக்கு முன்னால் நின்று, “ஐயா நான்தான் றொபேட்” என்றான். “அந்தப் பேர்ல ஆள் இல்லையே” என்று அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்களாம். மனுப் போட்டபடி திரிகிறான். அரிசி கொடுக்கும் நாளில் தாயின் பங்கில் அள்ளித் தின்கிறான். “அக்கா, நான் ஆவி. ஆவிக்கு ரேசன் இல்லை” என்று பகிடி விடுகிறான். அவன் சிரிக்கிற சிரிப்பைக் காண எனக்குப் பயமாக இருக்கிறது.

வெட்டுவது லேசு பிள்ளை. ஒரு கோடுதான். திரும்ப எழுதுகிற கை எங்கேயும் இல்லை. நாளைக்குத் தம்பி ஒரு சிறையை விட்டு வெளியில் வந்து “நான்தான் ஹியூபேட்” என்று நிற்கும்போது, “உன்ர பெண்சாதியே கையெழுத்து வைத்திருக்கிறா” என்று ஒரு தாளைக் காட்டினால் அவன் எங்கே போவான்?

எங்கள் அம்மா கண்ணை மூடும்போது அவனுக்குப் பால்குடி மறக்கவில்லை. என் இடுப்பில் இருந்துதான் இறங்கி நடந்தான். அவன் போய்விட்டான் என்றால் என் இடுப்புக்குத் தெரியும்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ மெலிந்து போனாய் என்று கொழும்பால் வந்தவர்கள் சொல்கிறார்கள்.

இப்படிக்கு,
உன் மச்சாள் பிறிஜெற்


கொட்டாஞ்சேனை,
30.08.1998

அன்புள்ள மச்சாளுக்கு,

உங்கள் சுகத்துக்காகப் போன செவ்வாயும் கொச்சிக்கடையில் மெழுகுதிரி வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிற அந்தோனியார் வாசலில் செவ்வாய்க்கிழமை நிற்கிறவர்களில் பாதிப்பேர் என்னைப்போல ஆள் தேடுகிறவர்கள். சாவியைத் தொலைத்தவர்கள்தான் மகிழ்ச்சியாகத் திரும்பிப் போகிறார்கள்.

உங்கள் சொல்லைக் கேட்டுப் பேசாமல் இருந்தேன். கந்தோருக்கு மட்டும் போய்ப் போய் வந்தேன். போகாவிட்டால் அவரை மறந்துவிட்டேன் என்று நினைப்பார்களோ என்று பயம்.

அங்கே ஜிந்துப்பிட்டி ராக்கம்மா என்று ஒருத்தி பழக்கம். அவளுடைய மனிசன் இருளப்பனும் நம்மவர் போலத்தான், கடைக்குப் போனவர் வரவில்லை. அவள் சான்றிதழ் எடுத்துவிட்டாள் மச்சாள். எடுத்த கையோடு போய் ஃபைலைப் பார்த்தாள். உள்ளே ஒரு தாள் இருந்ததாம். எந்தப் பொலிசில் வைத்திருந்தார்கள், பிறகு எந்த முகாமுக்கு மாற்றினார்கள் என்று அதில் எழுதியிருந்ததாம். இவ்வளவு காலமும் “எங்களுக்குத் தெரியாது” என்று சொன்ன ஆட்களின் கையெழுத்தே அதில் இருந்ததாம். இப்போது அவள் அந்தத் தாளைப் படி எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த முகாம் வாசலுக்குப் போகிறாள்.

“பொட்டு வச்சிருக்கிறியே ராக்கம்மா” என்று கேட்டேன்.

“ஏன் வைக்கக்கூடாது? நான் செத்தவன் பொண்டாட்டியாப் போயி, உசுரோட இருக்கிறவன தேடிக்கிட்டு இருக்கேன் அக்கா. கவர்மெண்டுக்கு ஒரு புருசன், எனக்கு ஒரு புருசன்” என்றாள். நாங்கள் இரண்டு பேரும் வாங்குப் பலகையில் இருந்து சிரித்தோம். வாசலில் நின்ற காவல்காரன் எங்களுக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அறைக் கதவு திறந்திருந்தது. றாக்கைத் தட்டில் அவருடைய ஃபைலைக் கண்டேன். எனக்குச் சிங்களம் வாசிக்க அவ்வளவு வராது, ஆனால் அவருடைய பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும் தெரியும். தடிப்பான ஃபைல் மச்சாள். மூடாமல் பிதுங்கி நாடாவால் கட்டியிருந்தது. ராக்கம்மாவுடையது அதில் அரைவாசிதான். இவ்வளவு தாளில் ஒரு தாளிலாவது ஓர் இடத்தின் பெயர் இராதா? கை நீட்டினால் தொடலாம். தொடாமல் வந்தேன்.

எனக்கு நித்திரை இல்லை. நீங்கள் சொன்ன றொபேட்டின் கதையை நினைப்பேன், பிறகு அந்த நாடாவை நினைப்பேன். ஓம் என்று ஒரு சொல் எழுதுங்கள். கந்தோருக்காகத்தான். எனக்கும் உங்களுக்கும் அவர் இருக்கிறார். தாலியைக் கழற்ற மாட்டேன், கறுப்பு உடுக்க மாட்டேன். ஃபைலைத் திறக்க மட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிற,
மேபல்


மண்டபம் முகாம்,
25.09.1998

மேபலுக்கு,

சுகமாக இரு.

நீ கேட்ட சொல்லை நான் எழுத மாட்டேன்.

நீ தேடுவதற்காக அந்தத் தாளை எடுக்கிறாய். அவர்கள் தேடாமல் விடுவதற்காக அதைத் தருகிறார்கள். இது உனக்கு விளங்கவில்லையா? அந்த ராக்கம்மாவுக்கு அவளுடைய வழி. அவளுக்கு மாமியாரோ மச்சாளோ இருந்தால் அவர்களிடம் கேட்டுப் பார்.

உனக்குப் புருசன். ஓம். ஆனால் பிள்ளையாக வளர்த்தவள் நான். பிள்ளையைச் செத்தவன் என்று சொல்ல என்னிடம் கேட்காதே. கேட்டதே எனக்குத் தாங்கவில்லை.

அவன் வந்து கதவைத் தட்டினால் எந்த முகத்தோடு திறப்பாய் என்று மட்டும் யோசி.

பிறிஜெற்


கொட்டாஞ்சேனை,
18.01.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

புது வருஷம் உங்களுக்காவது சமாதானமாக இருக்கட்டும்.

சான்றிதழ் எடுத்துவிட்டேன். உங்கள் கடிதம் பிந்தி வந்தது என்று எழுத நினைத்தேன். பொய். நேரத்துக்கு வந்தது, வாசித்தேன், மடித்து அலுமாரிக்குள் வைத்தேன், அதன் பிறகுதான் போய்க் கையெழுத்து வைத்தேன்.

கிராம சேவகர் படிவத்தை நிரப்பினார். சிங்களத்தில்தான் கதைத்தோம். “நோனா, செத்த இடம்?” தெரியாது. “காரணம்?” தெரியாது. “திகதி?” தெரியாது. மனிசனுக்கு அலுத்துப் போனது. “திகதி ஒன்று இல்லாமல் சாக முடியாது நோனா. காணாமல் போன திகதியையே போடட்டா?” என்றார். போடுங்கள் என்றேன். வாசலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்று காலையில் அவர் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, சம்பலுக்கு உப்புக் காணாது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாளே செத்தார் என்று நான் சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் எங்கேயாவது இருந்த நாளையெல்லாம் நான் எடுத்துவிட்டேன்.

நவம்பரில் மரித்த ஆத்துமாக்களின் பூசைக்குக் கோயிலில் பெயர் எழுதினார்கள். எழுதிக்கொண்டிருந்த மாக்ரெட் அன்ரி என்னை நிமிர்ந்து பார்த்தா. “சொல்லு பிள்ளை, எழுதட்டோ?” சான்றிதழ் அப்போது என் பைக்குள் இருந்தது. “எங்கட வீட்டில ஒருத்தரும் இல்லை அன்ரி” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கந்தோரில் சொன்னதைக் கோயிலில் சொல்ல வாய் வரவில்லை. கடவுளிடம் ஒரு கதை, கவர்மெண்டிடம் ஒரு கதை. எது பாவம் என்று எனக்குத் தெரியவில்லை.

விண்ணப்பம் போட்டுக் காத்திருந்து, போன கிழமைதான் ஃபைலைக் காட்டினார்கள். நாகேந்திரம் ஐயா முதலில் என் சான்றிதழை வாங்கித் துளை போட்டு எல்லாத்துக்கும் மேலே கோத்தார். பிறகு நாடாவை அவிழ்த்தார். கீழே இருந்து தொடங்கச் சொன்னேன்.

“இது நீங்க போட்ட முதல் பெட்டிசம்.”

“சரி. அடுத்தது?”

“இதுவும் நீங்க. இது பொலிசுக்குப் போட்டதின்ர படி. இதுவும் நீங்கதான்.”

“அங்கால பாருங்கோ ஐயா.”

அவர் புரட்டினார். கோர்ட்டுக்கு முன்னால் தட்டெழுத்து அடிக்கிற மனிசன் எனக்கு அடித்துத் தந்த பெட்டிசங்கள். எல்லாத்துக்கும் அடியில் என்னுடைய கோணல் கையெழுத்து. ஒன்றில் தேத்தண்ணி சிந்தின அடையாளம், அது கூட எங்கள் வீட்டுத் தேத்தண்ணி. பொலிசில் இருந்து வந்தது ஒரே ஒரு தாள். அப்படி ஒருவரைத் தாங்கள் கைது செய்யவில்லை என்று. அதை எனக்கு முதல் நாளே வாயால் சொல்லிவிட்டார்களே.

“முடிஞ்சுதோ ஐயா?”

“முடிஞ்சுது தங்கச்சி. உள்ளதைத்தானே காட்டலாம்.”

“உள்ளது முழுக்க நான்தானே ஐயா.”

அவர் நாடாவைத் திரும்பக் கட்டத் தொடங்கினார். நான் அந்தச் சான்றிதழைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். ஃபைலுக்குள் போனதை வெளியில் எடுக்க ஏலாதாம். வேண்டுமென்றால் எல்லாத்தையும் படி எடுத்துத் தருவாராம்.

மச்சாள், அவ்வளவு தாளில் அவரைப் பிடித்தோம் என்று ஒருவரும் எழுதவில்லை. கொன்றோம் என்று ஒருவரும் எழுதவில்லை. அவர் செத்தார் என்று அந்த ஃபைலில் ஒரு தாள்தான் சொல்கிறது. அது நான் கொண்டுபோய்க் கொடுத்த தாள்.

நீங்கள் சொன்னது சரி. என்ன ஏச்சு என்றாலும் எழுதுங்கள். நான் வாசிப்பேன்.

மேபல்


கொட்டாஞ்சேனை,
22.04.1999

அன்புள்ள மச்சாளுக்கு,

உயிர்த்த திருநாள் வந்து போய்விட்டது. உங்கள் கடிதம் வரவில்லை. தபால் எங்கேயாவது நின்றிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது நினைக்கவில்லை.

வாசலில் நின்று நின்று, ராக்கம்மா ஒருவழியாக அந்த முகாமுக்குள் போய் வந்தாள். சான்றிதழைக் கண்டவுடன், “செத்தவரை இங்க என்ன தேடுற?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்களாம். அவள் இப்போது பகிடி விடுகிறதில்லை.

உங்கள் நெஞ்சுச் சளி எப்படி என்று மட்டுமாவது எழுதுங்கள்.

மேபல்


மண்டபம் முகாம்,
10.06.1999

என் தம்பி ஹியூபேட்டுக்கு,

நீ எங்கே இருந்தாலும் அம்மாவின் ஆசீர்வாதமும் என்னுடையதும் உன் தலைக்கு மேல் இருக்கட்டும்.

உனக்குக் கடிதம் எழுதிக் கன காலம். இதை ரெஜிஸ்டர் தபாலில் உன் வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிறேன். தபால் கந்தோரில் கேட்டுத்தான் அனுப்புகிறேன். உயிரோடு இருக்கிறவனுக்குத்தான் ரெஜிஸ்டர் தபால் போகுமாம். உன் பெயரை எழுதி முத்திரை குத்தி வாங்கினார்கள். ஒரு கவர்மெண்டாவது உன் பெயரை ஏற்றுக்கொண்டது.

மேபல் செய்தது உனக்குத் தெரிந்திருந்தால் அவளோடு கோபிக்காதே. எனக்குப் பெரிய கோபம் இருந்தது. அவளுக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். பிறகு அவளுடைய கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். ஃபைல் முழுக்க அவள்தான் என்று எழுதியிருந்தாள். அப்போதுதான் யோசித்தேன். அதில் என்னுடைய தாள் ஒன்றும் இல்லையே தம்பி. நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு வேண்டாம், வேண்டாம் என்று எழுதினேன். கந்தோர் கந்தோராக ஏறினது அவள். உன்னை இடுப்பில் தூக்கினேன் என்று பெருமை பேசினேன். இந்த மூன்று வருஷமும் தூக்கினது அவள்.

இப்போது கோபம் இல்லை, வெட்கம்தான். நேரே அவளுக்கு எழுதக் கை வருகுதில்லை. என்ன சொல்லித் தொடங்குவேன்? அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். இதை எப்படியும் அவள்தான் உடைத்து வாசிப்பாள் என்று எனக்குத் தெரியும். வாசிக்கட்டும்.

மேபல், பிள்ளை, அந்தத் தாள்களைப் படி எடுத்து எனக்கு அனுப்பு. அவன் என்ன சேட் போட்டிருந்தான், எந்தச் சந்தியில் கண்டார்கள் என்றெல்லாம் நீ எழுதியிருப்பாய். வாசிக்க எனக்கும் வேண்டும். என்னை மன்னித்துக்கொள்.

தம்பி, நீ வந்தவுடன் ஒரு சொல் எழுது.

உன் அக்கா,
பிறிஜெற்


கொட்டாஞ்சேனை,
02.07.1999

மதிப்புள்ள மச்சாளுக்கு,

உங்களுக்கு இதுவே என் கடைசிக் கடிதம். உங்களைத் தொந்தரவு செய்ய அல்ல, ஒரு விசயத்தை அறிவிக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

நீங்கள் அவருக்குப் போட்ட ரெஜிஸ்டர் கடிதம் வந்து சேர்ந்தது. நான் வேலைக்குப் போகாத நாள். தபால்காரர் புதுசு, எங்கள் கதை தெரியாத பெடியன். கடிதத்தைப் பார்த்து அவருடைய முழுப் பெயரையும் வாசித்துவிட்டு, “வீட்டு மாத்தயா இருக்கிறாரா?” என்று கேட்டான். இந்த வீட்டு வாசலில் அப்படி ஒருவர் கேட்டு எவ்வளவு காலம்.

“வெளியில போயிருக்கிறார்” என்றேன்.

“எப்ப வருவார்? அவர்தான் கையெழுத்து வைக்க வேணும்.”

“நேரம் சொல்ல ஏலாது. நான் அவற்ற பெண்சாதி. தாங்கோ, நான் வைக்கிறன்.”

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தந்தான். பெண்சாதி என்றது அவனுக்குப் போதுமாக இருந்தது.

கடிதத்தை நான் உடைக்கவில்லை மச்சாள். உள்ளே என்னைப் பற்றி எழுதியிருப்பீர்கள், அது நான் வாசிப்பதற்கில்லை. நீங்கள் எனக்கு எழுதாமல் அவருக்கு எழுதினதிலேயே எனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். அது நியாயம்தான். அவருடையது ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவசரப்பட்டு நான் செய்த வேலை போதும். இனி அவருடைய எதையும் நான் திறக்க மாட்டேன். தூசி படாமல், அவருடைய வெள்ளைச் சேட்டுகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன்.

என்னோடு பேச்சை விட்டால் விடுங்கள். அவருக்கு எழுதுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடைக்கிடை ஒன்று போடுங்கள். தபால்காரன் வந்து அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், கையெழுத்து வைத்து வாங்க நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
ஹியூபேட்டின் மேபல்